முழுக்காது போட்டோ

“...கல்யாணப் பொண்ணு மூஞ்சில தழும்பு இருந்தாலே நெகடிவ்ல பென்சில் போட்டு மறைச்சிட்றேன், நாய்க்குப் பண்ணா இன்னா சார் தப்பு?” என்று என்மேல் எகிறினார், தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டுடியோக்காரர்.

எழுபதுகளில் நான் உதவிக்குப் போய்வந்த நாய்க் காப்பகத்துக்காக அவர் சும்மாவே படமெடுத்துத் தருவார். பாஸ்போர்ட் முகங்களுக்கு நடுவே கடைக் கண்ணாடியில் நாய் முகங்களும் இருக்கும். அதைப் பார்த்து நாயை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. ஒல்லி மனிதர், ஓரிடத்தில் நிற்கமாட்டார். படமெடுக்கும் முன் நாய்க்கும் தலை சீவிவிடுவார்.

காப்பகத்தில் இடமில்லாமல், மறுநாள் நகராட்சி வண்டி கொல்லக் கொண்டுபோக இருந்த ஒரு பழுப்பு நாயை, படம் பார்த்து ஆசைப்பட்டு வந்த டீச்சரம்மாவிடம் காட்ட ஸ்டுடியோவுக்கே கூட்டிவந்திருந்தேன். அதற்கு ஒரு காது பாதிதான். படத்தில் ஸ்டுடியோக்காரர் அதை முழுக்காது ஆக்கியிருந்தார்.

“இப்படியா ஏமாத்துவீங்க?” என்று டீச்சரம்மா ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். அதை நான் குத்திக்காட்டியதற்குத்தான் அந்த எகிறல்.

வாசலுக்கும் கேமராவுக்குமாக நாலு நடை நடந்தார். நாயும் பின்னாலேயே நடந்தது.

“பொய் சொன்னது நான். அது வாயே தொறக்கலியே சார்,” என்றவர், நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு, “டீச்சரம்மா! டீச்சரம்மா!” என்று கத்திக்கொண்டே பிளாட்பாரத்துக்கு ஓடினார்.