டீச்சர் மைக்கைக் கைமாற்றிய நாள்

கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அதற்குள்ளே மைக்கையும் லெப்டொப்பையும் வைத்துக்கொண்டு டீச்சர் உட்கார்ந்திருந்த கோலம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் இருக்கும் என் வீடியோ கடையின் மேல்மாடி அது. கூரை தகரம். மழை விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, எங்கள் ஊரிலோ மழை விழாத நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தச் சத்தம் மைக்கில் ஏறாமலிருக்கத்தான் கம்பளி. கம்பளிக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது: "மூணாவது அத்தியாயத்துல நீங்க சொல்ற விஷயத்தக் கொஞ்சம் வெளக்குங்க சேர். கேக்குறவங்க யாரும் புத்தகத்தப் பாத்திருக்க மாட்டாங்க." மறுமுனையில் வேறொரு நாட்டில் இருந்த பேராசிரியருக்கு, தன்னைப் பேட்டி எடுப்பவர் கம்பளிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரியாது. அவர் நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் நோர்வூட் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வரலாறு படிப்பித்தார். என்னைவிட வயதில் சின்னவர், ஆனாலும் ஊரே அவரை டீச்சர் என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு நான் அண்ணன். கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த என்னிடம் ஒருநாள் வந்து, "அண்ணே, ஒங்ககிட்ட நல்ல மைக் இருக்குதானே?" என்று கேட்டார். நம் மலையகத் தோட்டச் சனத்தைப் பற்றிப் புதிது புதிதாக ஆராய்ச்சிப் புத்தகங்கள் வருகின்றனவாம். எல்லாம் ஆங்கிலத்தில், தூரத்துப் பல்கலைக்கழகங்களிலிருந்து. அவற்றை எழுதியவர்களைப் பிடித்துத் தமிழில் பேசவைத்து, பொட்காஸ்டாகப் போடப்போகிறாராம். "நம்மளப் பத்தி என்னா எழுதியிருக்காங்கன்னு நம்மளுக்குத் தெரிய வேணாமா?" என்றார். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். புத்தகத்தையே படிக்காத சனம் புத்தகத்தைப் பற்றிய பேச்சையா கேட்கப்போகிறது என்று நானும் உள்ளுக்குள் நினைத்தேன். ஆனால் மேல்மாடி சும்மாதான் கிடந்தது. சரி என்றேன்.

அவர் வேலை செய்த விதம்தான் என்னை இழுத்துப் போட்டது. புத்தகத்தை எழுதியவருக்கு முதலில் கடிதம் போடுவார். பிரதி கிடைத்ததும் கடைசிப் பக்கம்வரை படிப்பார். பஸ்ஸில் படிப்பார், சோறு வேகும்போது அடுப்படியில் படிப்பார். படித்து முடிக்காமல் யாரையும் மைக்குக்கு முன்னால் கூப்பிட்டதில்லை. ஒரேயொரு நிபந்தனை, பேச்சு தமிழில் இருக்க வேண்டும். அதற்காகவே நழுவிப் போனவர்கள் உண்டு. "இதெல்லாம் தமிழ்ல பேசக்கூடிய விஷயமில்ல டீச்சர். அதுக்குரிய சொல்லே நம்மகிட்ட இல்ல, இங்கிலிஷ்ல செஞ்சிருவோம்" என்று ஒரு விரிவுரையாளர் சொன்னார். டீச்சர் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அன்றைக்கு அவர் முகம் வாடிப்போயிருந்தது. "நம்மளப் பத்தி எழுத முடியுது, நம்ம பாஷையில பேச முடியலன்னா எப்புடிண்ணே?" என்று மட்டும் கேட்டார். கேட்பவர்களும் கூடவில்லை. டீச்சரின் பள்ளிக்கூடத்து ஆட்களும் என் மனைவியும்தான் தவறாமல் கேட்டார்கள் என்று சொன்னால் அது பெரிய மிகை இல்லை. இன்னும் ஒன்றிரண்டு பேட்டியோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று அவரே யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் அந்தப் புத்தகம் வந்தது. எழுதியவர் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்த பெண், வெளிநாட்டில் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவைப் பற்றிய புத்தகம் அது. காலையில் கைக்குழந்தையை அங்கே விட்டுவிட்டுத் தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவதும், பால் கொடுப்பதற்கென்று இடையில் இறங்கி ஓடி வருவதும், திரும்ப மலையேறுவதும்தான் அதன் பொருள். டீச்சர் அதைப் படித்த வாரம் முழுக்க வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. "நம்ம தோட்டத்துப் புள்ள எழுதின புத்தகம்ணே. இது ஒண்ணு நல்லா வந்துருச்சுன்னா போதும்" என்றார்.

நல்லா வரவில்லை. பேட்டி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பெண் தடுமாறினார். பாதி வசனத்தில் நின்றார், ஆங்கிலத்துக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் நின்றார். கடைசியில், "மன்னிச்சுக்கங்க டீச்சர், எனக்கு வரல. விட்டுருவோம்" என்றார். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். என் கணக்கில் எங்கள் பொட்காஸ்ட் அந்த இடத்தில் முடிந்துபோயிருந்தது.

டீச்சர் அவசரப்படவில்லை. "பரவாயில்லைங்க. இத ஒங்க அம்மாவுக்கு எப்புடிச் சொன்னீங்க? அந்த மாதிரியே சொல்லுங்க போதும்" என்றார்.

"அம்மாவுக்குச் சொல்லவே இல்லைங்க" என்று மறுமுனையிலிருந்து வந்தது. மகள் புத்தகம் எழுதியது அம்மாவுக்குத் தெரியும், எதைப் பற்றி என்று தெரியாது. அந்தப் பிள்ளைக்காம்பராவில் அழுதுகொண்டு கிடந்த குழந்தைகளில் இவரும் ஒருவர். "நீ என்னைய விட்டுட்டுப் போன, நான் அழுதேன்னு எழுதியிருக்கேன்னு அம்மா நெனச்சிருவாங்களோன்னு பயமா இருக்குங்க. நான் எழுதுனது அது இல்ல. ஆனா தமிழ்ல சொல்லப்போனா அப்புடித்தான் வந்து விழுது."

டீச்சர் மைக்கை நெருங்கிக் கேட்டார்: "நான் கேக்கல. ஒங்க அம்மாவே கேட்டா பதில் சொல்லுவீங்களா?"

நான் திடுக்கிட்டேன். மறுமுனையில் இருந்தவர் அதைவிடத் திடுக்கிட்டிருப்பார். இருந்தாலும், "அம்மா ஒத்துக்கிட்டா சரிங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் டீச்சரும் அக்கரப்பத்தனைக்குப் பஸ் ஏறினோம். வழி நெடுக டீச்சர் எழுதி வைத்த கேள்விகளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தார். ஒரு குடும்பத்துக்குள் நாம் போய் எதையாவது உடைத்துவிட்டு வந்துவிடுவோமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா எங்களை லயத்து வாசலிலேயே நின்று வரவேற்றார். மலை வேலையை விட்டு ஓய்ந்தவர், ஆனால் நடையில் ஓய்வு தெரியவில்லை. தேத்தண்ணி குடிக்காமல் மைக்கைத் தொடவே விடவில்லை. மகளை அவரே பேட்டி எடுக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னதும், "எம்மக எழுதுனத நான் கேக்காம யாரு கேக்குறது?" என்றார். நான் லெப்டொப்பில் மகளை அழைத்து இணைத்தேன். டீச்சர் எழுதி வைத்திருந்த கேள்விகளைப் பைக்குள் திரும்ப வைத்தார். மைக்கை அம்மாவின் பக்கமாகத் திருப்பிவிட்டு, தான் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். அத்தனை நாள் படித்து, அத்தனை நாள் காத்திருந்த ஒருவர் தன் இடத்தை அப்படி விட்டுக்கொடுப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஏம்புள்ள, என்னாத்தப் பத்தி எழுதியிருக்க?" என்று அம்மா கேட்டார்.

"பிள்ளைக்காம்பராவப் பத்திம்மா. நீ என்னைய அங்க விட்டுட்டு மலைக்குப் போவியில்ல, அதப் பத்தி."

அம்மா மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். லயத்துக்கு வெளியே அக்கம்பக்கத்தார் கூடிவிட்டிருந்தார்கள். எங்கேயோ ஒரு சேவல் கூவியது. மகளின் குரல் நடுங்கிற்று, ஆனால் நிற்கவில்லை. "கொழுந்து பறிச்சதத்தான் எல்லாரும் வேலைன்னு எழுதினாங்கம்மா. நீ பால் குடுக்க எறங்கி ஓடி வந்தத, திரும்ப ஏறி ஓடுனத யாருமே வேலைன்னு எழுதல. அதுவும் வேலைதான்னு நான் எழுதியிருக்கேன். அந்த ஓட்டம் இல்லன்னா இந்தத் தோட்டமே இல்லன்னு எழுதியிருக்கேன்."

"நான் ஓடி வந்ததயா?"

"ஆமாம்மா. நீ ஓடி வந்தத."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மழையில வழுக்கி விழுந்து எந்திரிச்சு வருவேன். ஒன்னையத் தூக்குனா அழுக நின்னுரும். அத எழுதியிருக்கியா?"

"இல்லம்மா. எனக்குத் தெரியாதே."

"அப்ப இப்ப கேட்டுக்க" என்றார் அம்மா. சிரித்தார். அந்தப் பக்கம் மகளும் அழுகையும் சிரிப்புமாகச் சேர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பெண் எங்கேயும் தடுமாறவில்லை. அம்மா கேட்கக் கேட்க, அத்தியாயம் அத்தியாயமாக முழுப் புத்தகத்தையும் லயத்துத் தமிழில் சொல்லி முடித்தார். சொல் இல்லை என்று ஒருவர் சொன்னாரே, அன்றைக்கு எந்தச் சொல்லும் எங்கேயும் குறையவில்லை. சுவரோரம் இருந்த டீச்சரைப் பார்த்தேன். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, முகமெல்லாம் வெற்றி.

சேவல் கூவியதை நான் வெட்டவில்லை. அப்படியே போட்டோம். மலையில் தேத்தண்ணி நேரத்தில் பெண்கள் போனை நடுவில் வைத்துக் கேட்டார்கள். ஆட்டோக்களில் ஓடியது. நோர்வூட்டில் தையல்கடையில் ஓடியது. கினிகத்தேனையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர் என்னைக் கூப்பிட்டு, "எங்க உம்மாவும் ஒக்காந்து கேட்டாங்க" என்றார். அன்றைக்கு நழுவிப்போன விரிவுரையாளரே சில மாதங்களில் டீச்சருக்கு எழுதினார், தன் புத்தகத்தைத் தமிழில் பேசிப் பார்க்க விருப்பம் என்று. டீச்சர் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "அப்ப மொதல்ல அவரு புத்தகத்தப் படிக்கணும்ணே" என்றார். இப்போது எழுதியவர்கள் தாங்களாகவே கேட்டு வருகிறார்கள். பேட்டிக்கு முறை வைத்திருக்கிறோம். கல்யாண வீடியோவை நான் குறைத்துக்கொண்டுவிட்டேன்.

அந்தப் பெண் தன் புத்தகத்தைத் தானே தமிழில் எழுதினார். அம்மா சொன்னதையெல்லாம் சேர்த்து எழுதினார். போன வருடம் அக்கரப்பத்தனையில், அதே தோட்டத்து மண்டபத்தில்தான் வெளியீடு. உட்கார இடமில்லாமல் வாசல்வரை சனம். முதல் பிரதியை அம்மா வாங்கினார். வாங்கியவர் மேடையிலிருந்து இறங்கிப் போவார் என்று நாங்கள் காத்திருக்க, அவர் நேரே மைக்குக்குப் போனார். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

"யாருக்கு என்னா கேக்கணுமோ கேளுங்க. எம்மக பதில் சொல்லும்."

மண்டபம் முழுக்கக் கைகள் உயர்ந்தன.