எவர்சில்வர் துப்பாக்கிக்கு என் கிரீஸ்

படிப்பே இல்லாமல் திருவொற்றியூரில் லேத் பட்டறையும் மூணு மாடி வீடும் கட்டியவன் நான். எண்ணூர் கம்பெனி காவலாளி ஒருவர் என்னைத் தேடி வந்தார். முறுக்கு மீசை, எதையும் மோந்து பார்த்துத்தான் தொடுவார். அவருடைய எவர்சில்வர் ரிவால்வரில் குண்டு போடும் உருளை சுற்றவில்லை. மறுநாள் கம்பெனியில் துப்பாக்கிச் சோதனை. சுற்றாவிட்டால் வேலை போய்விடும்.

"இன்னா நைனா போட்ட?" என்று கேட்டேன்.

"தேங்கா எண்ணெய்தாண்ணே. எவர்சில்வராச்சே, துருவா புடிக்கும்?"

"உப்புக்காத்துல அதுவும் புடிக்கும். தேங்கா எண்ணெய் பிசினாயிடும். எவர்சில்வரும் எவர்சில்வரும் உரசினா ஒண்ண ஒண்ணு கடிச்சி இறுகிக்கும். உரசுற எடத்துல துளி கிரீஸ் வை, மேல மெஷின் எண்ணெய் தடவு."

குண்டுகளை எடுத்துவிட்டு மண்ணெண்ணெயில் கழுவினோம். கிரீஸை மோந்து பார்த்துவிட்டு வைத்தார். உருளை சுற்றியது.

சோதனை முடிந்து லட்டோடு வந்தார். "எப்டி இவ்ளோ சுத்தமா வச்சிகினு கீறன்னு ஆபீசரு கேட்டாரு. மிலிட்டிரில கத்துக்கினேன்னு சொல்லிட்டேண்ணே."

கூச்சமே இல்லாமல் என்னிடமே சொன்ன அந்த மனுஷனை இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கம்பெனிக்காரர்கள் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: அது மிலிட்டிரி இல்லை, என் பட்டறை. தங்கள் பதிவேட்டில் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.