மூன்று துவக்கும் ஒரு சரஸ்வதி பூசையும்

போன சனிக்கிழமை ஓக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குள், பைப் ஒட்டுகிற பசை டின்னின் மூடியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டு நின்றார் என் அப்பா. எழுபத்தாறு வயது மனுஷன். கடையில் வேலை செய்கிற பெடியன் ஒருவன் எங்களையே பார்த்தான். "அப்பா, மூடுங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்றேன். "பொறு பிள்ளை, சான்ட்ரிங்ஹாம் மணக்குது" என்றார்.

நாங்கள் போனது தகனினியில் இருக்கிற என் வீட்டுக் கூரையில் இருந்து தண்ணீர் இறங்குகிற பைப் உடைந்துபோனதற்காக. எட்டடி போதும் என்றேன். அப்பா பன்னிரண்டடி எடுத்தார். மிச்சம் எதற்கு என்று கேட்கவில்லை. சில ஆசைகளுக்கு விளக்கம் கேட்டால் நமக்குத்தான் தலையிடி.

சான்ட்ரிங்ஹாம் என்றால் ஓக்லாந்தில் உள்ள மற்றவர்களுக்குத் தோசைக்கடையும் பலசரக்குக் கடையும் ஞாபகம் வரும். எனக்கு இந்தப் பசை மணம்தான் வரும். அங்கே ஒரு வாடகை வீட்டின் கராஜுக்குள் நாங்கள் குடும்பமாகத் துவக்குச் செய்தோம். பயப்படாதீர்கள், துவக்கு என்று யாழ்ப்பாணத்தில் சொல்வது துப்பாக்கியைத்தான். மற்ற வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை கரம்போர்டு விளையாடுவார்கள், கடற்கரைக்குப் போவார்கள். நாங்கள் மூன்று பேரும் உருளைக்கிழங்கு எறிகிற துவக்குச் செய்தோம். பைப், அதை ஒட்டப் பசை, மரக்கட்டை, காற்றடிக்க ஒரு சைக்கிள் பம்ப், அவ்வளவுதான் சாமான். எறிவதற்கு அம்மாவின் கிழங்கு.

இந்தப் பொழுதுபோக்கை யார் தொடங்கினார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அப்பாவைப் போல வெடிச்சத்தத்துக்குப் பயந்த ஆள் ஓக்லாந்தில் இருந்திருக்கமுடியாது. ஒருநாள் பஸ் டயர் ஒன்று வெடித்தது. அப்பா மரக்கறிப் பையோடு கடைவாசலில் குப்புறப் படுத்துவிட்டார். உருண்டுபோன வெங்காயம் முழுவதையும் நான்தான் பொறுக்கினேன். சீருடை கண்டால் இன்னும் மோசம், இரண்டு கையும் தன்பாட்டில் மேலே போய்விடும். ஊரில் எத்தனையோ சோதனைச்சாவடியில் பழகின கை. போலீஸ் என்றில்லை, பார்க்கிங் டிக்கெட் எழுத வந்த பெண்ணுக்கும் ஒருமுறை கை உயர்த்தினார். அவள் பயந்து டிக்கெட் எழுதாமலே போய்விட்டாள். அந்த ஒருநாள் மட்டும் அம்மா அந்தப் பழக்கத்தைக் குறை சொல்லவில்லை.

ஊரில் படவரைஞராக இருந்த மனுஷனுக்கு இங்கே கிடைத்தது பைப் தொழிற்சாலையில் வேலை. வருஷக் கடைசியில் அங்கே எல்லோரும் சேர்ந்து இறைச்சி சுட்டுச் சாப்பிட்ட நாளில், கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் உருளைக்கிழங்குத் துவக்கு ஒன்றைக் கொண்டுவந்து வேலிக்கு மேலால் அடித்திருக்கிறார். வழக்கம்போல நிலத்தில் படுத்த அப்பா, எழும்பிப் பார்த்தால் சுற்றிவர எல்லோரும் பீரும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் சொன்னார்: "துவக்கு வெடிச்சது. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. எல்லாரும் சிரிச்சவை!" சாப்பிடும்போது இன்னொருமுறை சொன்னார். படுக்கப் போகும்போதும் சொன்னார். அடுத்த ஞாயிறு கராஜுக்குள் மேசை போட்டு வரைபடம் கீறத் தொடங்கிவிட்டார்.

அம்மா தலையில் கை வைத்தாள். "ஆமிக்குத் தப்பி, இயக்கத்துக்குத் தப்பி, கடல் தாண்டி வந்து, கராஜுக்குள்ள இருந்து துவக்குச் செய்யிறார்! விசர் எண்டு சொல்லுறது இதைத்தான்."

அம்மா பயந்ததிலும் நியாயம் இருந்தது. அகதி விசாரணையில் அப்பா சத்தியம் பண்ணிச் சொன்ன வாக்கியம் ஒன்று கோப்பில் இருந்தது: என் வாழ்நாளில் துவக்கைத் தொட்டதே இல்லை. அது உண்மை, அதை நம்பித்தான் எங்களை இங்கே விட்டார்கள். இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டு, நேர்காணலுக்குக் காத்திருந்தோம். நல்ல நடத்தை உள்ள ஆள் என்று போலீஸ் எழுதிக் கொடுக்கவேண்டும். "அது கிடைக்குமட்டும் உந்தச் சனியனைத் தொடாதேங்கோ" என்று அம்மா கெஞ்சினாள். "மடியில கனமில்லை, வழியில பயமில்லை. நீர் சும்மா இரும்" என்பார் அப்பா. அடுத்த நிமிஷம் வாசலில் கூரியர்காரனின் தொப்பி தெரிந்தால் கை மேலே போகும்.

வேண்டாம் வேண்டாம் என்றே அம்மாவும் உள்ளே வந்துவிட்டாள். எங்கள் கிழங்கு இலாகா அம்மாவுடையது. முளைவிட்டது துவக்குக்கு, நல்லது கறிக்கு, இதுதான் வீட்டுச் சட்டம். கைப்பிடி உடைந்த தாச்சிச் சட்டி ஒன்றைப் பின்வளவில் நின்ற ஃபிஜோவாப் பழமரத்தில் கட்டிக் குறியாகத் தந்தவளும் அவள்தான். துவக்கை மட்டும் தொடமாட்டாள். நானும் அப்பாவும் குறி தவற, தவறின கிழங்கெல்லாம் வேலியோரத்தில் முளைத்து, அடுத்த போகத்துக்கு அம்மா அதைக் கிண்டி எடுத்துக் கறி வைத்தாள். உலகத்தில் சுடச்சுட விளைகிற ஆயுதம் எங்களுடையது ஒன்றுதான் என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்ளவில்லை, அந்தளவு புத்தி எனக்கு இருந்தது.

அப்பாவின் பிழை வேறு. படம் வரைகிற ஆள் அல்லவா? அழுகல் கிழங்கு எறிகிற பைப்புக்கு எதற்கு இவ்வளவு வடிவு? மரத்தில் பிடி செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்தார். ஆளுக்கொன்றாக மூன்று. தூரத்தில் இருந்து பார்த்தால் நானே உண்மைத் துவக்கு என்று நம்பிவிடுவேன்.

அந்த வருஷம் சரஸ்வதி பூசை வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் எழுத்துள்ளதெல்லாம் அம்பாளுக்கு முன்னால் வைக்கவேண்டும் என்று அம்மா சொன்னதை நான் மிகவும் விசுவாசமாக நிறைவேற்றினேன். பள்ளிப் புத்தகம், டெலிபோன் புத்தகம், மேசையில் கிடந்த பிரிக்காத கடிதங்கள், எல்லாவற்றையும் அள்ளி அடுக்கினேன். அடுத்த கிழமை குடியுரிமை நேர்காணலுக்கு வரச்சொன்ன கடிதத்தை மட்டும் அம்மா தன் கையால் உச்சியில் வைத்துப் பூப் போட்டாள். தொழில் ஆயுதமும் வைக்கவேண்டும் அல்லவா? அப்பா ஸ்குரூடிரைவர், மரம் அறுக்கிற வாள், அளவுகோல் வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூன்று துவக்கையும் கொண்டுவந்து வரிசையாகச் சாத்தி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வாய்க்கு நேரே ஒரு செவ்வந்திப் பூவும் செருகினார். "சாமிக்கு முன்னால எதைத்தான் வைக்கிறதெண்டு இல்லையோ?" என்று அம்மா கத்தினாள். ஆனால் வைத்தது வைத்ததுதான். விஜயதசமி காலையில்தான் எடுக்கலாம், அதுவரை யாரும் தொடக்கூடாது.

நான் அள்ளி அடுக்கின கடிதங்களில் ஒன்று, வீட்டு ஏஜென்ட் அனுப்பியது. அன்று பின்னேரம் நாலு மணிக்கு வீட்டைச் சோதித்துப் பார்க்க வருகிறோம் என்று எழுதியிருந்தது. அதை நாங்கள் வாசித்தது மறுநாள்தான்.

நாலு மணிக்குச் சாம்பிராணிப் புகை ஏறி, கூரையில் இருந்த புகை அலாரம் வீரிட்டது. அம்மா அலாரத்துக்குக் கீழே நின்று துவாயால் விசிறினாள், அப்பா மேல்சட்டை இல்லாமல், வேட்டியும் திருநீறுமாக மணியை இன்னும் பலமாகக் கிலுக்கினார். சரியாக அந்த நேரம் வாசலுக்கு வந்த ஏஜென்ட் பெண், வீடு பற்றி எரிகிறது என்று நினைத்து உள்ளே ஓடிவந்தாள். புகை விலக அவள் கண்டது, விளக்கு வெளிச்சத்தில் சிவப்புப் பொட்டு வைத்த மூன்று கறுப்புத் துவக்கு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அம்மா நீட்டின அவலை வாங்காமலே ஓடிப்போய்க் காருக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு போனைக் காதில் வைத்தாள். "பிள்ளையார் பிடிக்கக் குரங்காப் போச்சு" என்று அம்மா நிலத்தில் குந்திவிட்டாள்.

பத்து நிமிஷத்தில் கதவு தட்டப்பட்டது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நீலச் சீருடை. அப்பாதான் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு கையும் மேலே போய்விட்டது. திரும்பவும் தட்டுகிற சத்தம். கதவைத் திறக்கவேண்டுமென்றால் கையை இறக்கவேண்டும், கை இறங்கவில்லை. "வாறேன், வாறேன்" என்று தமிழில் சொன்னபடி, திறக்கமுடியாமல் அப்படியே நின்றார். வேட்டி அவிழத் தொடங்கியும் கையை இறக்கவில்லை. நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். என் அப்பாவை அப்படி யாரும் பார்த்துவிடக்கூடாது என்று எனக்கு அழுகைதான் வந்தது.

வந்தவர் வாசலை நிறைத்துக்கொண்டு நின்ற சமோவாத் தீவுக்காரர். அப்பாவின் கைகளைப் பார்த்தார், பூசையைப் பார்த்தார், துவக்கைப் பார்த்தார். "அது என்ன?" என்று என்னிடம் கேட்டார். உருளைக்கிழங்கு எறிவது என்றேன். "எடுத்துத் தாருங்கள், பார்க்கவேண்டும்" என்றார். மொழிபெயர்த்தேன்.

இவ்வளவு நாளும் போலீசுக்கும் கோப்புக்கும் நடுங்கின என் அம்மா எழும்பி, பூசைக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள். "நாளைக்குக் காலமை எடுக்கலாம் எண்டு சொல்லு."

"அம்மா, அவர் போலீஸ்."

"ஆராயிருந்தாலும் பூசையில வைச்சதை இண்டைக்கு எடுக்கேலாது. பத்து மணிக்கு வரச்சொல்லு. பொங்கலும் கிடக்கு."

நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். நேர்காணல் கடிதம் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் பூவோடு கிடந்தது. எங்கள் குடியுரிமை இந்த நிமிஷத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். அந்த மனிதர் அம்மாவையும் விளக்கையும் பார்த்தார். பிறகு குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்து, இரண்டையும் வாசலில் வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், பூவுக்குப் பக்கத்தால் துவக்கின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். கிழங்குத்தோல் ஒட்டியிருந்தது. "எங்கள் வீட்டிலும் தொடக்கூடாத சாமான் இருக்கிறது. தொட்டால் அம்மா கொன்றுவிடுவார். நாளை பத்து மணிக்கு வருகிறேன்" என்றார். போகும்போது அப்பாவுக்கு முன்னால் நின்று, "சேர், கையை இறக்கலாம்" என்றார். அப்பாவுக்கு ஆங்கிலம் விளங்கும். ஆனாலும் அம்மா வந்து, இரண்டு கையையும் பிடித்து மெல்ல இறக்கிவிடவேண்டியிருந்தது.

சொன்னபடி பத்து மணிக்கு வந்தார். பொங்கல் இரண்டுதரம் வாங்கிச் சாப்பிட்டார். விஜயதசமிக்கு ஆயுதத்தை எடுத்தால் ஒருதரமாவது தொழில் தொடக்கவேண்டும், அவருக்கும் அது வேலை செய்வதைப் பார்க்கவேண்டும். எல்லோரும் பின்வளவுக்குப் போனோம். சீருடைக்கு முன்னால் அப்பாவின் கை துவக்கோடு மேலே மேலே போனது, குறி பார்க்க முடியவில்லை. "தாங்கோ இஞ்ச" என்று அம்மா பறித்தாள். துவக்கைத் தொடாத அம்மா! கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். தாச்சி 'டங்' என்றது. போலீஸ்காரர் கைதட்டிச் சிரித்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாத்தீரே? ஒண்டும் நடக்கேல்லை" என்றார். கண் கலங்கியிருந்தது.

கறுப்புப் பெயின்டை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டுப் போனார் அவர். அப்பா கோயில் மதில் மாதிரிச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தார். ஏஜென்ட் அனுப்பிய அறிக்கையில் துவக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, வேலியில் உள்ள கிழங்குக் கறையைத் துடைக்கவும் என்று மட்டும் இருந்தது. குடியுரிமையும் கிடைத்தது. சரஸ்வதி தந்தாள் என்று அம்மா இன்றுவரை சொல்கிறாள்.

அந்த வீடு இப்போது இல்லை. இடித்துவிட்டு வரிசையாக ஆறு வீடு கட்டிவிட்டார்கள். ஃபிஜோவா மரம் இருந்த இடத்தில் குப்பைத்தொட்டிகள் நிற்கின்றன. துவக்குகள் வீடு மாறும்போது பாகற்கொடிக்குக் கம்பாகி, பிறகு எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை கதை முடியவில்லை. ஹார்ட்வேர் கடையில் இருந்து திரும்பும்போது, தகனினியில் மோட்டார்வேயை விட்டு இறங்குகிற இடத்தில் போலீஸ் மறித்து, குடித்திருக்கிறேனா என்று ஊதிப் பார்க்கச் சொன்னார்கள். பன்னிரண்டடி பைப் அப்பாவின் மடிக்கு மேலால் போய் ஜன்னலுக்கு வெளியே சிவப்புத் துணியோடு நீட்டிக்கொண்டிருந்தது. அந்த இளம் போலீஸ்காரன் குனிந்து, "இவ்வளவு நீளப் பைப் எதற்கு?" என்று சும்மா கேட்டான்.

"துவக்குச் செய்ய" என்றார் அப்பா, தெளிவான ஆங்கிலத்தில், பல்லெல்லாம் தெரிய.

அவருடைய கைகளைப் பார்த்தேன். இரண்டும் பைப்பைக் கட்டிப்பிடித்தபடி மடியிலேயே இருந்தன. மேலே போயிருந்தது என்னுடைய கைகள்தான்.