ராணிக்கு வைத்த கஞ்சி

இல்லை, கடைசிவரை தேசம்மாள் நாய் வளர்க்கவில்லை. தெருநாய் வாசலில் வந்து நின்றால்கூட எழுந்து உள்ளே போய்விடுவாள். நாய்ப் பந்தய மைதானத்தின் கொட்டடியில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

அவள் இறந்த செய்தி வந்தபோது திருவொற்றியூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். மீன் கூடையோடு போன, அவள் குப்பத்துப் பெண் ஒருத்தி நடந்தபடியே சொன்னாள்: "உன் தோஸ்து தேசம்மா பூட்டாம்மே. காலீல." பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

நான் மைதானத்து ஆபீசில் டைப்பிஸ்ட். பி.ஏ. முடித்ததும் கிடைத்த வேலை. அவள் பந்தயத்தில் ஓடும் கிரேஹவுண்ட் நாய்களுக்குச் சமைப்பவள். மதியத்தில் என் ஜன்னலில் தலையை நீட்டுவாள்: "இன்னாம்மே, துன்னியா? மெஷினாட்டம் தட்டிகினே கீறே."

வெளியே கம்பியில் பொம்மை முயல் ஓடும். நாய்கள் துரத்தும். ஜனம் கத்தும். கொட்டடியில் நான் பார்த்தது விலா எலும்புகள். பந்தயத்துக்கு முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீர் மட்டும்தான். பசித்தால்தான் ஓடும் என்பார் கொட்டடியைப் பார்த்துக்கொள்ளும் கபூர் மேஸ்திரி. அவர் கெட்டவர் அல்ல. அவருக்கு அப்படித்தான் உத்தரவு.

தேசம்மாளின் குப்பத்தில் வழக்கம் வேறு. கட்டுமரம் தள்ளப் போகிறவனுக்கு முதலில் கஞ்சி. இல்லையென்றால் பக்கத்து வீட்டில் வாங்கியாவது. "வேலைக்குப் போற உசுர வெறும் வவுத்தோட அனுப்பறது எங்க வூட்ல கெடையாது" என்பாள்.

ராணி மணல் நிற நாய். ஏற்கெனவே சில ஓட்டங்களில் பின்தங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை, ஓட்டத்துக்குச் சற்று முன்பு, மேஸ்திரி அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, மீன் பிசைந்த கஞ்சியை அதன் முன்னால் வைத்தாள். நக்கித் துடைத்த சட்டியை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

ராணி கடைசியாக வந்தது.

தோற்கும் நாய்களை மீஞ்சூரில் ஒரு பண்ணைக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை அவள் ராணியைப் பார்க்க ரயிலேறிப் போனாள். பொழுது சாயும்வரை விசாரித்தாள். அப்படி ஒரு பண்ணையே இல்லை. மறுநாள் கொட்டடி வாசலில் மேஸ்திரியை மறித்தாள்.

"பாய், ராணி எங்க கீது?"

"பேஜார் பண்ணாத தேசம்மா."

"எங்க கீதுன்னு கேட்டேன்."

அவர் தரையைப் பார்த்தார். "கழிமுகத்தாண்ட இட்டுகினு போய் சுட்டுட்டாங்கோ. இன்னா ஓட்டம் ஓடிச்சு அன்னிக்கு? புள்ளத்தாச்சியாட்டம். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா வுட்ருப்பாங்கோ."

என்னை "துன்னியா" என்று கேட்பதை அவள் அன்றோடு நிறுத்திவிட்டாள். அடுத்த பந்தயத்துக்கு எல்லா நாய்களையும் உத்தரவுப்படி பட்டினி போட்டாள். தானும் சாப்பிடவில்லை. வேறொரு நாய் தோற்றது. "துன்னாலும் சாவுது. துன்னாட்டியும் எதுனா ஒண்ணு தோக்கத்தானே தோக்குது" என்றாள். வேலையை விட்டாள். அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் மைதானத்தின் முன் கேட்டில் நின்றாள்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஆறுதலான எதுவும் அல்ல. யாருக்காவது சோறு போடும்போது கை ஒரு கணம் நிற்கிறது. இவனை இதற்குப் பிறகு எங்கே அனுப்பப்போகிறார்கள்? தெரியாமல் போடுகிறேன். போடாமலும் இருக்க முடியவில்லை.

இன்னும் ஒன்று. ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தது. வண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆள் ஒருவன் கூட்டாளிகளோடு வந்தான். தேசம்மாள் கேட்டில் அவனை மறித்தாள்.

"தோத்த நாய சுட்டுட்றானுங்கப்பா. உள்ள போவாத."

"அதுக்கு நீ ஏம்மே அல்லாட்றே? நாய் இன்னா உன் மாமனா?"

கூட்டாளிகள் சிரித்தார்கள்.

"நான்தான் அதுக்குக் கஞ்சி ஊத்துனேன்" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. டிக்கெட்டைக் காட்டிவிட்டு உள்ளே போனான். தேசம்மாள் அடுத்து வந்தவனிடம் திரும்பினாள்.