சனிக்கிழமை எட்டு மணிப் பூட்டு

லண்டனில் நான் பார்க்கும் வேலையைச் சொன்னால் பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். குட்மேய்ஸ் பக்கத்துத் தெருக்களில் நேரம் கடந்து நிற்கும் கார்களுக்கு அபராத டிக்கெட் அடிக்கிறவள் நான். காசு கட்டிய நேரம் முடிந்தால் பத்து நிமிடம் சலுகை. பதினோராவது நிமிடம் டிக்கெட். என்னை எத்தனையோ மொழியில் திட்டியிருக்கிறார்கள். தமிழில் திட்டியவனுக்குத் தமிழிலேயே பதில் சொல்லி, டிக்கெட்டையும் கையில் கொடுத்தேன். எனக்குப் பயம் கிடையாது. எங்கள் வீட்டுப் பயம் முழுவதையும் அக்கா சுருட்டிக்கொண்டு சுவீடனுக்குப் போய்விட்டாள்.

அவள் இருப்பது வடக்கே, ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். போன மே மாதம் இரண்டு கிழமை லீவு எடுத்துக்கொண்டு போனேன். பனி உருகி ஆறு கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்த இரைச்சல்தான் முதலில் உள்ளே வரும்.

நான் முதலில் பார்த்தது கார்களைத்தான். தொழில் புத்தி எங்கே போகும்? அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நீல அட்டை மணிக்கூடு வைத்திருக்கிறார்கள். வந்த நேரத்தை அவனவனே திருப்பி வைத்துவிட்டுப் போகிறான். ஏமாற்றி நேரத்தைக் கூட்டி வைக்க மாட்டார்களா என்று கேட்டேன். "ஏன் வைக்கவேணும்?" என்றாள் அக்கா. எனக்குத் தலை சுற்றியது.

முதல் சனிக்கிழமை காலை, அக்காவின் குளியலறையில் அழுக்கு உடுப்பு மலை போலக் கிடந்தது. அந்தக் கட்டடத்தில் வீட்டுக்குள் மெஷின் இல்லை, கீழே எல்லோருக்கும் பொதுவாக ஒரு துணி துவைக்கும் அறை. கூடையைத் தூக்கினேன்.

"வையடி. இண்டைக்கு எங்கட நேரமில்லை."

கீழே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். சுவரில் ஒரு பலகை, நாளும் நேரமும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. வீட்டுக்கு ஒரு பூட்டு, அதில் வீட்டு நம்பர். வேண்டிய நேரத்துத் துளையில் பூட்டைப் போட்டுத் திறப்பால் திருப்பினால் அந்த நேரம் உங்களுடையது. சனிக்கிழமை காலை எட்டு மணித் துளையில் இரண்டாம் மாடிக்காரரின் பூட்டு இருந்தது. அக்கா வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அவளுக்குச் சரியாக ஓய்வு கிடைப்பது அந்த ஒரு காலைதான்.

"எத்தினை வருசமா அந்த மனிசன்ர பூட்டு அதிலை கிடக்கு?"

"நான் வந்த நாள் தொட்டு. ஏழு வருசம். ஒருக்கால் தோய்ச்சு முடிய உடனை அடுத்த சனிக்குப் போட்டிடுவார்."

ஏழு வருடமாக அக்கா வேலை முடிந்து, கால் வீங்க, கிழமை நாட்களில் கடைசி நேரத்தை எடுத்துத் துவைத்திருக்கிறாள். அந்த மனிதரோ ஓய்வூதியக்காரர், கிழமை முழுக்க வீட்டில்தான். சனிக்கிழமைகூட ஒன்பது மணிக்குத்தான், நாலு சேர்ட்டுடன் ஆடி அசைந்து வருவாராம்.

பலகைக்குப் பக்கத்தில் ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது. "இதிலை என்ன எழுதிக் கிடக்கு?" என்றேன்.

அக்கா கொஞ்சம் தயங்கிவிட்டு வாசித்தாள். "அரை மணித்தியாலத்துக்குள்ளை தொடங்காட்டி, வேறை ஆரும் அந்த நேரத்தை எடுக்கலாம்."

எனக்கு உச்சி கொதித்தது. பத்து நிமிடச் சலுகைக்கே நான் படுகிற பாடு எனக்குத் தெரியும். இங்கே முப்பது நிமிடம், எழுதியும் ஒட்டியிருக்கிறது, இவள் அதை ஏழு வருடமாக வாசித்துக்கொண்டு நிற்கிறாள்!

"உனக்கென்ன விசரே? ஏன் எடுக்கேல்லை?"

"வயசுபோன மனிசன். அதோடை, இது அவையின்ர ஊர். நாங்கள் வந்து ஏறினனாங்கள். சண்டை பிடிக்க ஏலுமே?"

அந்தச் சொல் என்னைச் சுட்டது. அந்த ஊர்க் கிழவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, வரி கட்டி, அவர்கள் மொழியில் கனவுகூடக் காண்கிறாள். ஒரு துளையில் பூட்டைப் போட அவளுக்கு உரிமை இல்லையாம். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபத்தையே காட்டினேன். கிழமை முழுக்க, தேத்தண்ணி குடிக்கும்போதும் ஆற்றங்கரையில் நடக்கும்போதும் நச்சரித்தேன். வெள்ளிக்கிழமை அவள் வழிக்கு வந்துவிட்டாள்.

"சரி, செய்யிறன். ஆனா நீ வாய் திறக்கக்கூடாது. திறந்தியோ, அடுத்த ரெயினிலை ஏத்திவிடுவன்."

சனிக்கிழமை எட்டு மணிக்குக் கூடையோடு கீழே நின்றோம். அறையில் ஒருவரும் இல்லை. எட்டரை. அக்கா கதவுப் பிடியைப் பிடித்தாள், விட்டாள்.

"இன்னும் அஞ்சு நிமிசம் பாப்பம்."

"முப்பத்தோராவது நிமிசம் நடக்குதடி அக்கா! லண்டனிலை எண்டால் இப்ப நான் டிக்கெட் ஒட்டிப்போட்டு அடுத்த தெருவிலை நிண்டிருப்பன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்போடு உள்ளே போய்ப் படுக்கைவிரிப்புகளை மெஷினுக்குள் தள்ளிப் பொத்தானை அழுத்தினாள்.

சரியாக ஒன்பதுக்கு அவர் வந்தார். நெடிய மனிதர், நீலக் கூடை, நாலு சேர்ட். ஓடுகிற மெஷினைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஏதோ கேட்டார். அக்கா கூடையைக் கீழே வைத்தாள். பிறகு அவள் பேசினாள். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. ஆனால் குரல் உயரவும் இல்லை, நடுங்கவும் இல்லை. பேப்பரைக் காட்டினாள், மணிக்கூட்டைக் காட்டினாள், கடைசியில் தன் நெஞ்சில் கைவைத்து நீளமாக ஏதோ சொன்னாள்.

அவர் உதட்டைக் குவித்துச் 'சூப்' என்று காற்றை உள்ளே இழுத்தார்.

அலட்சியமாகச் சூள் கொட்டுகிறானா இந்த மனிசன்! நான் ஒரு அடி முன்னுக்கு வைத்தேன். அக்கா என் காலை மிதித்தாள், நல்ல மிதி. அதற்குள் அவர் திறப்பை எடுத்துத் தன் பூட்டைக் கழற்றி, வியாழக்கிழமைத் துளையில் போட்டுவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு மேலே போனார்.

"உங்களுக்கு எல்லா நாளும் சனிக்கிழமைதானே, எனக்கு இது ஒண்டுதான் எண்டு சொன்னனான்," என்றாள் அக்கா. "அவர் ஓம் எண்டிட்டார்."

"எப்ப ஓம் எண்டவர்?"

"அந்தச் சத்தம்தானடி ஓம். இந்தப் பக்கத்துச் சனம் காத்தை உள்ளுக்கை இழுத்துத்தான் ஓம் சொல்லுறது."

இருவரும் மெஷினைப் பிடித்துக்கொண்டு வயிறு நோகச் சிரித்தோம். பிறகு விரிப்புகளை ஆற்றோரக் கொடியில் காயப் போட்டோம். காற்றுக்கு அவை படபடவென்று அடித்தன, எனக்குக் கோயில் கொடியேற்றம் பார்த்த சந்தோஷம்.

ஒரே ஒரு குறை. சனிக்கிழமைத் துளை வெறுமையாகக் கிடந்தது. எவ்வளவு சொல்லியும் அக்கா தன் பூட்டை அதில் போடவில்லை. "இண்டைக்கு இவ்வளவும் போதும். பாப்பம்," என்றாள். இந்தப் 'பாப்பம்'தான் ஏழு வருடத்தைத் தின்றது. அடுத்த நாள் விமானத்தில் அரைகுறை மனதோடுதான் ஏறினேன். நான் பக்கத்தில் நின்றதால் வந்த துணிவு, நான் போனதும் போய்விடும் என்றே நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை, நான் குட்மேய்ஸில் டியூட்டியில் நின்றேன். கடைக்கு முன்னால் ஒரு வெள்ளை வான் வண்டி, நேரம் முடிந்து பதினோரு நிமிடம். அதன் நம்பரை டிக்கெட் கருவியில் அடிக்கத் தொடங்கும்போது போன் அதிர்ந்தது. அக்காவிடமிருந்து ஒரு படம். அந்தப் பலகை. சனிக்கிழமை எட்டு மணித் துளையில் அக்காவின் வீட்டு நம்பர் போட்ட பூட்டு. கீழே எழுதியிருந்தாள்:

"நீ இல்லாமல் போட்டனான். ஏழு வருசம் சும்மா நிண்டிட்டனே எண்டு இப்பதான் கோவம் வருது. நல்லாக் கிடக்கடி, இந்தக் கோவம்."

நடுத் தெருவில் "அப்பிடிப் போடு!" என்று கத்திவிட்டேன். வான்காரன் கடைக்குள்ளிருந்து பதறி ஓடிவந்தான். கும்பிடாத குறையாக என்னைப் பார்த்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதட்டைக் குவித்துக் காற்றை உள்ளே இழுத்தேன், 'சூப்' என்று. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போ என்று கையைக் காட்டினேன்.