அக்கா பார்க்காமல் விட்ட கண்

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவாள். எனக்கு அந்த நிதானமெல்லாம் கிடையாது. அதனால்தான் அவள் உள்ளே பட்டறையில் இருக்கிறாள், நான் முன்னால் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களோடு மல்லுக்கட்டுகிறேன்.

துப்பாக்கியில் தோளில் பதியும் மரப்பகுதியை நாங்கள் கட்டை என்போம். அதைச் சுடுகிறவரின் உடம்புக்கு ஏற்றபடி பொருத்துவதுதான் அக்காவின் தொழில். "கட்டைல என்னம்மா இருக்கு, எல்லாம் ஒண்ணுதானே" என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே செருப்பை ஊரே போட்டுக்கொள்ள முடியுமா? கன்னத்தைக் கட்டையில் சாய்த்ததும் கண் தானாகக் குழாயின் நடுக்கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். அதற்காக, வலது தோளில் வைப்பவருக்குக் கட்டை வலப்பக்கமும், இடது தோளில் வைப்பவருக்கு இடப்பக்கமும் துளியூண்டு வளைந்திருக்கும். அக்கா நொட்டாங்கை. சின்ன வயதில் வலக்கைக் கத்தரிக்கோலோடு போராடி அழுதவள். இடக்கைக்காரர் யாராவது வந்துவிட்டால் சொந்தக்காரர் வந்ததுபோல முகம் மலர்ந்துவிடும்.

ஆனால் அளவெடுக்கும்போது அவள் முதலில் பார்ப்பது கண்ணைத்தான். எதிரே போய் நின்று, "ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுக்கிட்டு என் மூக்கை விரலால காட்டுங்க" என்பாள். ஆளுக்கு ஒரு கண் எஜமானன். நீட்டிய விரல் அந்தக் கண்ணுக்கு நேராகத்தான் போய் நிற்கும். வலக்கையால் எழுதுகிறவருக்கும் இடது கண் எஜமானனாக இருக்கலாம். அப்படிப்பட்டவர் வலது தோளில் வைத்துத் தலைகீழாய் நின்று சுட்டாலும் குறி தள்ளித்தான் போகும்.

இத்தனையும் தெரிந்த அக்காவுக்கு வாய்த்தவர் என் அத்தான். நகரப் பேருந்து ஓட்டுகிறார். தங்கமான மனிதர், குறி மட்டும் சுத்தமாக வராது. துப்பாக்கி சுடும் கிளப்பில், குறிக்காக இயந்திரம் வீசும் களிமண் தட்டு அது பாட்டுக்குப் பறந்துபோய்ப் புல்லில் முழுசாக விழும்; அத்தான் துப்பாக்கியைத் தாழ்த்தி, "அடுத்த வாரம் பாருங்க" என்பார். அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. அடுத்தவாரம் வந்துட்டாரு, அடுத்தவாரத்துக்கு ஒரு டீ. எனக்கு வயிறு எரியும். கல்யாணத்துக்கு முன்பே கட்டை கன்னத்தில் இடிக்கிறது, தோளில் நழுவுகிறது என்று எங்கள் கடைக்கு நடையாய் நடந்தவர்தான். அக்காவும் நீளத்தைக் குறைத்தாள், கூட்டினாள், கன்னம் படும் இடத்தை இழைத்தாள். ஒன்றும் எடுபடவில்லை.

இந்த வருடம் கிளப் அணியில் ஒரே ஒரு இடம் காலியானது. மாதக் கடைசியில் தேர்வு. ஒரு நாள் அத்தான் கடைக்குள் வந்து துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார்.

"இதான் கடைசி. இந்தத் தடவையும் அணியில சேர்க்கலேன்னா இதை யாருக்காவது குடுத்துடலாம். ஊர்ல எல்லாரும் சிரிக்கிறதுக்கு நான் ஏன் போகணும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் குரல் உடைந்திருந்தது. உள்ளே அக்காவின் இழைப்புச் சத்தம் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு வழக்கம்போல குழாயைக் கழற்றித் துடைத்தார். உள்ளே அழுக்கு இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நான் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்தேன்.

"அத்தான், எந்தக் கண்ணுல பாக்குறீங்க?"

"ஏன், என் கண்ணுலதான்."

"விளையாடாதீங்க. இடது கண்ணுல பாக்குறீங்க!"

"எப்பவும் இப்படித்தான் பாப்பேன். இதுல என்ன இருக்கு?"

"அக்கா!" என்று நான் போட்ட கத்தலில் தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

அக்கா வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. கையில் இருந்த உளியைக் கீழே வைத்தாள். அத்தானின் எதிரே போய் நின்றாள்.

"என் மூக்கைக் காட்டுங்க."

அவர் நீட்டினார். விரல் இடது கண்ணுக்கு நேராகப் போய் நின்றது. மறுபடி காட்டச் சொன்னாள். மறுபடியும் அதே கண்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட நீ இதைப் பாக்கலியா? ஊருக்கெல்லாம் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்குறே!" என்று நான் பிடித்துக்கொண்டேன்.

அக்கா மெதுவாகச் சொன்னாள்: "இவரு மொதல்ல வந்தப்போ அப்பா கடைல இல்ல. நான் தனியா அளந்த மொத ஆளு இவருதான். விரலை நீட்டினாரு. எனக்கு நிமிந்து பாக்க வெக்கமாப் போச்சு. வலது கையால கையெழுத்துப் போட்டாரேன்னு வலது கண்ணுனு குறிச்சுட்டேன். அப்புறம் அதைத் திரும்பக் கேக்கணும்னே தோணல. தப்பு என்னுதுங்க."

அத்தான் கையை இறக்கினார். தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியமே வேலை ஆரம்பித்தது. கட்டையின் ஒல்லியான கழுத்தில் துணியைச் சுற்றி, அதன்மேல் சூடான எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருந்தாள். மரம் இளகியதும் இரும்புச் சட்டத்தில் மாட்டித் திருகை முடுக்கினாள். இனி அவர் இடது தோளில் வைத்துச் சுட, வலப்பக்கம் வளைந்திருந்த கட்டையை இடப்பக்கம் கொண்டுவர வேண்டும். ஒரு முறை வளைத்த மரம் எதிர்ப்பக்கம் வளையும்போது பிளந்துவிடலாம். மரம் முனகியது.

"போதும்கா, முறிஞ்சிடப் போகுது!"

"வாயை மூடு."

கட்டை முறியவில்லை. சட்டத்திலேயே ஆறவிட்டு எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள், ஒரு கீறல்கூட இல்லை. நான்தான் வியர்த்துப் போயிருந்தேன்.

அதன் பிறகு அத்தான் பட்ட பாடு இருக்கிறதே! வீட்டில் நிலைக்கண்ணாடி முன்னால், குண்டில்லாத துப்பாக்கியை இடது தோளுக்கு ஏற்றி ஏற்றி இறக்குவார். பல் தேய்ப்பதுகூட இடக்கையில். சட்டையெல்லாம் நுரை. "பாத்து, நாளைக்கு பஸ்ஸைத் தப்புப் பக்கம் ஓட்டிடாதீங்க" என்று நான் சீண்டுவேன். அக்கா மட்டும் சிரிக்க மாட்டாள். பக்கத்தில் நின்று அவர் முழங்கையைத் தொட்டுத் தொட்டுத் திருத்துவாள்.

தேர்வு நாளில் முதல் தட்டைத் தவறவிட்டார். பின்னால் யாரோ, "அடுத்த வாரம்" என்றான். நான் திரும்பி முறைத்த முறைப்பில் அவன் தொப்பியைச் சரிசெய்யப் போய்விட்டான். இரண்டாவது தட்டு தூள் தூளானது. அடுத்ததும். அதற்கடுத்ததும். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நசுக்கியதில் வளையல் நெளிந்துவிட்டது. கடைசித் தட்டு உடைந்தபோது கிளப் செயலாளர் அத்தானின் தோளில் தட்டி, அணிச் சட்டைக்கு என்ன அளவு என்று கேட்டார். இடது தோள் சிவந்து வீங்கியிருந்தது. அத்தான் வலியில் நெளிந்துகொண்டே சிரித்தார்.

கேன்டீனில் மூன்று டீயோடு உட்கார்ந்தோம். அக்கா திரும்பவும் ஆரம்பித்தாள்.

"நான் அன்னைக்கே ஒழுங்காப் பாத்திருந்தா இவ்வளவு வருஷம் நீங்க..."

"நீ குனிஞ்சுக்கிட்டது எனக்கு அப்பவே தெரியும். அதனாலதான் குறி தப்புதுனு மட்டும் தெரியாது" என்றார் அத்தான்.

"தெரியுமா? அப்ப ஏன் வாயைத் திறக்கல?"

"அன்னைக்குச் சொல்லியிருந்தா நிமிந்து பாத்திருப்பே. கட்டை கச்சிதமா அமைஞ்சிருக்கும். அப்புறம் எந்தச் சாக்கை வச்சு உங்க கடைக்கு வர்றது?"

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். போச்சு, வெடிக்கப் போகிறாள் என்று நான் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டேன். அவள் நிமிர்ந்தாள். அத்தானின் கண்களை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தத் தடவை குனிந்துகொண்டது அவர்தான்.