செவலைக்குக் கட்டிய வால்

குதிரையின் உடம்பில் ஓர் ஈ உட்கார்ந்தால், அது உட்கார்ந்த இடம் மட்டும் துடிக்கும். ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுதான் இருக்கும் அந்தத் துடிப்பு. சுற்றியுள்ள தோல் சலனமில்லாமல் இருக்க, அந்த வட்டம் மட்டும் சிலிர்த்து ஈயை உதறிவிடும். அடி அண்ணாமலையில் மாமா வீட்டு வேப்பமரத்தடியில் இதை முதன்முதலாகக் கவனித்தபோது நான் பாலிடெக்னிக்கில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தேன். நூலின் இழுவலிமையை அளக்க எங்கள் ஆய்வகத்தில் ஆள் உயர இயந்திரம் ஒன்று இருந்தது. ஓர் ஈயின் எடையைத் தோலாலேயே அறிந்துவிடும் இந்த உடம்புக்கு முன்னால் அது வெறும் மரப்பெட்டியாகத் தோன்றியது. இன்று நூற்பாலையொன்றின் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கருவிகள் எவ்வளவோ நுட்பமாகிவிட்டன. அந்த வியப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆனால் தோலின் சிலிர்ப்பு உடம்பின் முன்பாதிக்குத்தான் போதும். பின்தொடைக்கும் மடிக்கும் வால் வேண்டும். மாமாவின் பெண்குதிரை செவலைக்கு அந்த வால்தான் இல்லை. வாலின் தண்டு இருந்தது, வீச்சு இருந்தது, முடி இல்லை. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பஸ் ஸ்டாண்டுக்கும் ரமணாசிரமம் பகுதிக்கும் இடையே குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். குதிரைவால் முடியை இறுக்கிக் கட்டினால் மரு உதிரும் என்பது எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். கிரிவலப் பாதையோரம் ஒரு குதிரை கட்டியிருந்தால் கேட்காமல் போவார்களா? மாமாவுக்கு இல்லையென்று சொல்ல வராது. "ஒரு முடிதானே, பாவம், கேக்கறாங்க" என்பார். கழுத்து மருவுக்கு ஒன்று, இமை மருவுக்கு ஒன்று, பயந்த குழந்தையின் கையில் கட்ட ஒரு கொத்து. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கொடுத்துக் கொடுத்து, செவலையின் வால் தேய்ந்த துடைப்பமாகிவிட்டது.

அந்தக் கோடையில் செவலை குட்டி போட்டது. சாம்பல் நிறம், உடம்பைவிடக் கால்கள்தான் அதிகம். அது பிறந்த சில நாட்களிலேயே மாட்டு ஈக்கள் கிளம்பிவிட்டன. வீட்டு ஈயைவிடப் பெரியவை. கடித்த இடத்தில் ரத்தம் முத்தாக நிற்கும். அவை செவலையின் மடியைச் சுற்றியே மொய்த்தன. குட்டி வாய் வைத்த அடுத்த நொடி ஓர் ஈ கடிக்கும். செவலை காலை உதைத்துக்கொண்டு விலகும். குட்டி தடுமாறி விழும், எழும், மறுபடி வரும், மறுபடி விழும். விலா எலும்புகள் தெரியத் தொடங்கின. வீட்டுக்கு வந்து பார்த்த கால்நடை டாக்டர், "குட்டி நின்னு பால் குடிச்சாத்தாங்க பொழைக்கும். ஈ மருந்த மடிகிட்ட மட்டும் தடவிடாதீங்க, குட்டி நக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் வழக்கம். சாணத்தை வீட்டைவிட்டுத் தள்ளிக் கொட்டினோம். ஈ குறைந்தது, போகவில்லை. வேப்பிலை மூட்டம் போட்டோம். ஈயோடு குட்டியும் இருமிக்கொண்டு வெளியே ஓடியது. வேப்பெண்ணெய் பூசினோம், அந்தக் கசப்புக்குக் குட்டி மடியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. முதுகில் பழைய புடவையைப் போர்த்தியது முதுகுக்கு மட்டும் உதவியது. பாலைக் கறந்து புகட்டலாம் என்று போன மாமாவுக்குத் தொடையில் உதை விழுந்தது. அவர் நொண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும், வாசலில் நின்றிருந்த அத்தை கேட்டாள்: "ஊர்ல இருக்கற மருவெல்லாம் விழுந்துடுச்சி. இப்ப நம்ம குட்டி விழுது. திருப்தியா?"

மாமா தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அத்தை என்னைப் பார்த்து, "பைய எடுத்துக்கினு வாடி" என்றாள்.

எங்கே என்பது போன பிறகுதான் புரிந்தது. யார் யாருக்கு எங்கே மரு இருந்தது என்பது அத்தைக்கு நன்றாக நினைவிருந்தது. முதலில் பூக்கட்டும் அக்கா வீடு.

"உன் மூக்குமேல மொளகாட்டம் ஒண்ணு இருந்துச்சே, எங்க?"

"அதான் உங்க வீட்டு முடியக் கட்டி விழுந்துடுச்சே."

"அப்ப உன் சவுரியக் குடு. செவலைக்கு வால் கட்டணும்."

பூக்காரக்கா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினாள். "ஒரு முடிக்கு ஒரு சவுரியா? வட்டி ரொம்ப ஜாஸ்தியா கீதே அண்ணி!" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்து கொடுத்தாள். டீக்கடை அம்மா கொடுத்தாள். கல்யாணப் பெண் அலங்காரம் செய்யும் ஒருத்தி, கொஞ்சம் யோசித்து, தன்னிடமிருந்தவற்றில் பழசாகப் பார்த்துக் கொடுத்தாள். வீடு திரும்பி எல்லாவற்றையும் பரப்பியபோது ஒரு குதிரைக்குப் போதவில்லை. அத்தை உள்ளே போனாள். வரும்போது கையில் அவளுடைய சவுரி இருந்தது.

அது கடையில் வாங்கியதல்ல. கல்யாணத்துக்கு முன்பு அடர்த்தியாக இருந்த காலத்தில் தலைவாரும்போது உதிர்ந்த தன் முடியையே சேர்த்துவைத்துக் கட்டிய சவுரி. பிறகு ஒரு காய்ச்சலில் அவளுக்குப் பாதி முடி கொட்டிப்போயிற்று. அந்தச் சவுரி இல்லாமல் அவள் எந்த விசேஷத்துக்கும் போய் நான் பார்த்ததில்லை. அதன் தலைக்கட்டைப் பிரித்து, மற்றவற்றோடு சேர்த்து வைத்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு பொருளைக் கொடுப்பவரின் பாவனைகூட இல்லை. குழம்புக்குப் புளி கரைப்பவள் போல இருந்தாள்.

வெறும் தலைமுடி சிக்கிக்கொள்ளும், வீச்சுக்கு விறைப்பும் வேண்டும் என்று நான் சொன்னதால், வேலியோரக் கற்றாழையின் நாரை உரித்துச் சீவி ஊடே கலந்தோம். வாலின் தண்டில் கயிறு கட்டினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். எனவே மிஞ்சியிருந்த முடியோடுதான் பின்னவேண்டும். அதற்கு ஈக்கடியில் வெறிபிடித்து நிற்கும் குதிரையின் பின்னங்கால்களுக்கு நேர் பின்னால் நிற்கவேண்டும். மாமா செவலையின் முன்னங்கால் ஒன்றை மடக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்தால் குதிரையால் எளிதில் உதைக்க முடியாது. நான் வேப்பங்கொத்தால் மடியருகே வீசிக்கொண்டிருந்தேன். அத்தை, பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறவளைப் போல, "ஆடாதடி, ஆடாதடி" என்று அதட்டியபடியே முடியை மூன்று புரியாகப் பிரித்து மேலே பின்னி, கீழே முடியை விரித்துவிட்டாள்.

மாமா காலை விட்டார். செவலை வாலை ஒரு வீசு வீசியது. அது அத்தையின் முகத்தில் பளாரென்று விழுந்தது.

"அடிப்பாவி! என் முடியாலயே என்னை அடிக்கிற!"

பல நாட்களுக்குப் பிறகு மாமா அன்றைக்குத்தான் சிரித்தார். அதன்பின் நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றும் சரியான சொல் இல்லை. இரண்டாவது வீச்சு எங்கும் படாமல் காற்றில் போனது. மூன்றாவது தொடையைத் தொட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, புதிய வாலின் நீளம் எவ்வளவு, நுனி எங்கே முடிகிறது என்பதைச் செவலை கற்றுக்கொண்டுவிட்டது. அடுத்து வந்த ஈ மடியில் உட்காருவதற்கு முன்பே நுனி அங்கே இருந்தது. யாரோ பெண்களின் தலையில் வளர்ந்த முடி, ஏதோ வேலியின் நார், எல்லாம் அதன் சொந்த உடம்பாகிவிட்டன.

குட்டி தயங்கித் தயங்கி வந்து வாய் வைத்தது. செவலை விலகவில்லை. வால் இப்பக்கமும் அப்பக்கமும் போய்வந்தது. சில வீச்சுகள் குட்டியின் முதுகையும் தடவிச் சென்றன. குட்டியின் தொண்டை ஏறி இறங்குவதை அத்தை பார்த்துக்கொண்டே நின்றாள். விரட்டப்பட்ட ஈ ஒன்று அவள் கன்னத்தில் வந்து உட்கார்ந்து கடித்தது. கண் சுருங்கியதே தவிர, கை எழவில்லை. அடித்தால் சத்தத்தில் குட்டி மிரளும். அது வயிறு நிறைந்து தானாக வாயை எடுக்கும்வரை, அத்தை அந்த ஈயைக் கடிக்கவிட்டாள்.